பந்தியில் பிறந்த உபதேசம்: மும்பைத் தமிழ்ச் சபைகளின் வாலிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழ்ச் சபைகளில் வாலிபர் கூட்டம் நடத்திவரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்கள் வேதபாடங்களில் அடிக்கடி எழும் ஒரு வாக்குவாதத்தைப் பற்றி எழுதுகிறேன். "இயேசு ஏழைகளோடு இருந்தார், மலைப்பிரசங்கம் பண்ணினார், தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றிப் பேசினார். பவுல் வந்து அதைப் பாவம், பலி, நீதிமானாக்கப்படுதல் என்று தத்துவமாக்கிவிட்டார். பின்னால் வந்த பிஷப்மார் அதையும் பிரமாணமாக இறுக்கிவிட்டார்கள். எங்களுக்கு இயேசு போதும்" என்கிறது ஒரு தரப்பு. "போதனை நல்லதுதான், யார் இல்லையென்றது? ஆனால் மலைப்பிரசங்கத்தை முழுசாகக் கைக்கொண்டவன் எவனும் இல்லை. ரட்சிப்பு விசுவாசத்தால்தான்" என்கிறது மறு தரப்பு. இருவரும் சளைக்காமல் பேசி, ஜெபித்துக் கலைகிறீர்கள். உபதேசம் வேறு, இயேசுவின் வாழ்க்கை வேறு என்று இரு தரப்புமே ஒப்புக்கொண்டுதான் சண்டையைத் தொடங்குகிறீர்கள். அந்த ஒப்புதலைத்தான் நான் மறுக்கிறேன்.

கேள்வி கேட்பவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைக் கவனியுங்கள். கன்னிமரியாளிடத்தில் பிறந்தார் என்று சொன்ன அதே மூச்சில் பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார் என்கிறோம். இடையில் அவர் நடந்த நடை, சொன்ன உவமை, தொட்ட குஷ்டரோகி, உட்கார்ந்த விருந்து எதற்கும் அதில் ஒரு சொல்லும் இல்லை. பவுலை எடுத்துக்கொண்டாலும் இதே கதிதான். அவருடைய நிருபங்கள் ஏறக்குறைய கி.பி. 50க்கும் 60க்கும் இடைப்பட்டவை. சுவிசேஷங்களில் மூத்ததென்று கருதப்படும் மாற்கு 70ஐ ஒட்டியது. இயேசுவோடு நடந்தவர்கள் உயிரோடிருந்த காலத்தில் எழுதிய மனிதர், இயேசு சொன்னதாக வெளிப்படையாக எடுத்துக்காட்டுவது விரல்விட்டு எண்ணும் அளவுதான். விவாகரத்து, சுவிசேஷ ஊழியரின் பிழைப்பு, கடைசி இராப்போஜனம் என்று முடிந்துவிடுகிறது. ஓர் உவமைகூட அவர் எழுத்தில் வரவில்லை.

இந்தக் கேள்வி உங்கள் தலைமுறையில் தோன்றியதும் அல்ல. வில்லியம் ராபர்ட்ஸ் என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு தமிழர், திரித்துவ உபதேசம் இயேசுவின் வாயிலிருந்து வந்ததல்ல என்று முடிவுகட்டி, 1795இல் சென்னையில் தனிச் சபை கூட்டினார். 1813இல் புரசைவாக்கத்தில் அதற்குக் கோயிலும் எழும்பியது. 1820இல் கல்கத்தாவில் ராம்மோகன் ராய் அற்புதங்களையும் உபதேசங்களையும் விலக்கி, இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார். செராம்பூர் மிஷனரி மார்ஷ்மன் அவரோடு பல வருடம் எழுத்தில் மோதினார். 1938இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடிய வேளையில், செஞ்சையா, சக்கரை முதலானோர் கிறிஸ்தவத்தை மறுபரிசீலனை செய்யும் ஒரு நூலைச் சென்னையில் வெளியிட்டார்கள். மேற்கத்திய சபை கட்டிய மதிலைச் சுற்றிக்கொண்டு கிறிஸ்து என்ற மனிதரிடமே நேரே போகவேண்டும் என்பது செஞ்சையாவின் கட்சி. சக்கரை தொழிற்சங்கத் தலைவராகவும் சென்னை மேயராகவும் இருந்தவர்.

இவர்கள் எல்லாரையும்விட நமக்கு நெருக்கமானவர் ஒருவர் உண்டு. உங்களில் நாசரேத் பக்கத்து வேர் உள்ளவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். சட்டாம்பிள்ளை என்று பேர்போன அருமைநாயகம், மிஷனரிகளோடு முறிந்துகொண்டு, 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் ஏக இரட்சகர் சபையைத் தொடங்கினார். 1849இல் மிஷனரி கால்டுவெல் எழுதிய சாணார்களைப் பற்றிய நூல் அந்த மக்களை எப்படிப் புண்படுத்தியது என்பது இதன் பின்னணி. மிஷனரிகள் தருவது ஐரோப்பியச் சரக்கு, இயேசு ஆசியாவின் யூதர், அவர் ஆசரித்த ஓய்வுநாள் சனிக்கிழமை என்று சட்டாம்பிள்ளை வாதாடினார். அவர் சபை இன்றும் சனிக்கிழமையே கூடுகிறது. மும்பையில் வாழும் நமக்கு இது விநோதமாகப் படக்கூடாது. கொங்கணக் கரையில் செக்காட்டிப் பிழைத்த பெனே இஸ்ரவேலரை அக்கம்பக்கத்தார் 'சனிவார் தேலி' என்றே அழைத்தார்கள், சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால். 1796இல் அவர்கள் நிறுவிய ஜெப ஆலயம் மாண்ட்வி பக்கம் சாமுவேல் தெருவில் இருக்கிறது. இயேசு எப்படிப்பட்ட ஜெப ஆலயத்துக்குப் போனார் என்று தெரிய ஐரோப்பா வழியாகச் சுற்றிவரத் தேவையில்லை என்று சட்டாம்பிள்ளை சொன்னது முழுக்கச் சரி. ஆனாலும் ஸ்தாபகரைத் தேடி அத்தனை தூரம் போன அந்தச் சபை, பெரும்பாலும் ஒரே சமூகத்தின் சபையாகவே நின்றுவிட்டது. எனக்கு இது உறுத்துகிறது. இயேசுவிடம் திரும்பிப் போனவர்கள் இயேசுவின் பந்திக்குத் திரும்பவில்லை.

இனி என் வாதத்துக்கு வருகிறேன்.

இயேசு செய்தவற்றில் அவருடைய எதிரிகளுக்கு மிகவும் எரிச்சலூட்டியது எது? ஆயக்காரரோடும் பாவிகளோடும் உட்கார்ந்து சாப்பிட்டது. லூக்கா 15ஆம் அதிகாரத்தின் மூன்று உவமைகளும், கெட்டுப்போன குமாரன் கதை உட்பட, அந்த முறுமுறுப்புக்குச் சொன்ன பதில்தான். இளைய மகன் வீடு திரும்புகிறான், விருந்து நடக்கிறது, அண்ணன் பந்தியில் உட்கார மறுத்து வெளியே நிற்கிறான். முடிவு சொல்லாமல் இயேசு கதையை அங்கேயே விட்டுவிடுகிறார்.

இப்போது அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்துக்கு வாருங்கள். யோப்பா பட்டணத்தில் பேதுரு தங்கியிருந்தது தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில். அந்த வசனத்தைத் தாராவிக்காரர்கள் வேகமாகக் கடந்து போகலாகாது. தோல் பதனிடும் இடம் ஊருக்கு 50 முழத்துக்கு அப்பால் இருக்கவேண்டும் என்று யூதரின் மிஷ்னா நூல் விதிக்கிறது. மும்பையும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல்பட்டறைகளைத் தீவின் விளிம்புக்குத் தள்ளியது. அந்த விளிம்புதான் தாராவி. திருநெல்வேலியிலிருந்து வந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர் அந்தப் பட்டறைகளில் கை வெந்து உழைத்தவர்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டின் மாடியில், நாற்றத்தின் நடுவே, பசியோடு ஜெபித்துக்கொண்டிருந்த பேதுருவுக்குத்தான் தேவன் சுத்தமாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்ற தரிசனம் கிடைத்தது. அதன்பிறகு அவர் ரோமப் படைத்தலைவன் கொர்நேலியு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். எருசலேமில் அவரைக் கேட்ட முதல் கேள்வி, அவர்களோடு எப்படிச் சாப்பிட்டாய் என்பதுதான்.

அதே பேதுரு அந்தியோகியாவில் சறுக்கினார். கலாத்தியர் 2ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகினார். மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள். பவுலின் உற்ற தோழர் பர்னபாவும் இழுபட்டுப் போனார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்தார். அந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாகத்தான், அடுத்த மூச்சிலேயே, மனுஷன் நீதிமானாவது நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் என்று சொல்கிறார். நாம் இத்தனை வருடமாக மனப்பாடம் செய்த உபதேசம், யார் யாரோடு சாப்பிடலாம் என்ற தகராறில் பவுலின் வாதமாக வந்து விழுந்தது. இன்னொருவன் என்னோடு உட்காருமுன் அவன் என்னைப்போல ஆகவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை, ஏனென்றால் நானும் கிருபையால்தான் உட்கார்ந்திருக்கிறேன். பவுல் சொன்னது இதுதான். இயேசு லேவியின் வீட்டில் செய்ததும் இதுதான்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். யூதரின் உணவு நியமமும் நம்மூர்ச் சாதியும் ஒன்றல்ல. ரோமப் பேரரசின் கீழே நசுங்கிய ஒரு சிறு ஜனம் தன் உடன்படிக்கையைக் காத்துக்கொண்ட வழி அது. யாக்கோபும் கொடியவர் அல்ல. மலைப்பிரசங்கத்தின் குரல் புதிய ஏற்பாட்டில் எங்காவது அப்படியே தொடர்ந்து கேட்கிறதென்றால் அவர் பெயரிலுள்ள நிருபத்தில்தான். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் கந்தைக்காரனுக்குப் பாதபடியும் காட்டுகிற சபையை அது கேள்வி கேட்கிறது.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் கிறிஸ்தர் ஸ்டெண்டால் 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். குற்றவுணர்வால் துடிக்கிற தனிமனிதன் எப்படி அமைதி பெறுவான் என்ற கேள்விக்கு விடையாகவே மேற்குலகம் பவுலை வாசித்துவிட்டது, பவுலின் கேள்வியோ புறஜாதியாருக்குத் தேவனுடைய ஜனத்தில் இடம் எது என்பது என்றார் அவர். 1977இல் ஈ. பி. சாண்டர்ஸ் எழுதிய நூல் அந்த வாசலை இன்னும் அகலத் திறந்தது. எதிர்க்கட்சியும் இருக்கிறது. ரோமர் நிருபத்தில் பாவமும் சாவும் வெறும் பந்தித் தகராறு அல்ல என்று அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையேறியபோது நம்மிடம் கொண்டுவந்தது லூத்தரின் பவுலை. அந்தப் பவுல் என் தனிப்பட்ட பாவத்தைப் பற்றிப் பேசினார். பக்கத்தில் உட்காருகிறவனைப் பற்றிப் பேசுவது அவருக்குக் குறைந்துபோயிற்று.

கொரிந்துவைப் பாருங்கள். வசதியுள்ளவர்கள் முந்தி வந்து தின்று குடித்துவிடுகிறார்கள். வேலை முடித்துத் தாமதமாக வருகிற கூலிக்காரரும் அடிமைகளும் பசியோடு நிற்கிறார்கள். அந்த அநீதியைக் கண்டிக்கத்தான் பவுல் கடைசி இராப்போஜனத்தின் வார்த்தைகளை எடுக்கிறார். இயேசுவின் சொற்களை அவர் நீளமாக எடுத்துக்காட்டும் ஒரே இடம் அது. நம் திருவிருந்து ஆராதனையில் குருவானவர் சொல்லும் அந்த வார்த்தைகள், தாமதமாக வந்தவனுக்குச் சோறு வைக்காத சபையைப் பார்த்துச் சொன்னவை. பரிகாரமாகப் பவுல் சொல்வதும் எளிது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

இன்னும் ஒன்று. கிறிஸ்து ஐசுவரியமுள்ளவராயிருந்தும் நமக்காகத் தரித்திரரானார் என்ற கருத்து 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் வருகிறது. மனுஷ அவதாரத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. எருசலேமின் ஏழைகளுக்குக் காணிக்கை சேர்க்கிற வேண்டுகோளின் நடுவில் அது வருகிறது. பணம் கேட்கும் கடிதத்தில் வந்த உபதேசம்.

பிறகு என்ன ஆயிற்று? உபதேச வாக்கியங்கள் தாம் பிறந்த இடத்தை விட்டுத் தனியே நடக்கத் தொடங்கின. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் வர்ணிக்கும் ஞாயிறு ஆராதனையில்கூட, சேர்ந்த காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அந்நியர் இவர்களுக்குப் போயிற்று. காலப்போக்கில் முழுச்சாப்பாடு போய், அப்பத்துண்டும் கிண்ணமும் மிஞ்சின. 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா சங்கத்தில், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவரா என்ற கேள்வி முன்னே வந்தது. அந்தக் கேள்வியை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆயக்காரன் வீட்டில் உட்கார்ந்தவர் தேவனுக்குக் கீழான ஒருவர் என்றால், தேவன் அங்கே உட்காரவில்லை என்றாகிவிடும். நிசேயாவின் பதிலை நான் விசுவாசிக்கிறேன். அது எந்த வீடு, எந்தப் பந்தி என்பதைப் பிரமாணத்தில் சேர்க்காமல் விட்டார்களே என்பதுதான் என் துக்கம்.

பவுலிலும் குறை உண்டு. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று எழுதிய கை, பிலேமோனுக்கு எழுதும்போது ஒநேசிமுவை விடுதலை செய் என்று நேராகக் கட்டளையிடவில்லை. ரோமர் 16இல் பெபேயாளையும் யூனியாவையும் அத்தனை மதிப்போடு குறிப்பிட்டவரின் பெயரில், ஸ்திரீகள் உபதேசிக்கக்கூடாது என்ற வசனமும் வழங்குகிறது. அந்த வசனம் வருகிற தீமோத்தேயு நிருபங்கள் பவுல் கையால் எழுதியவை அல்ல என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். என்றாலும் அதைச் சொல்லித் தங்கைமார் அனுபவித்ததை அழித்துவிட முடியாது. இங்கெல்லாம் அந்தியோகியாவில் பேசிய பவுலை வைத்து மற்ற இடத்துப் பவுலை நிறுத்துப்பார்க்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம்.

நம் சொந்தக் கணக்கைப் பார்க்காமல் பேதுருவைக் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், சபையில் சாதி வேற்றுமையை ஒழிக்கப் புறப்பட்ட புது மிஷனரிகளை எதிர்த்து நின்றார். 1829இல் அதற்கென்றே நூல் எழுதினார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதியைச் சபையிலிருந்து அறவே நீக்கக் கட்டளையிட்டபோது, தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்கத் திருக்குடும்ப ஆலயம் இரண்டு கால்போலப் பிரித்துக் கட்டப்பட்டது, வேளாளர் ஒரு பக்கமும் நாடார் மறுபக்கமும் உட்கார. நடுவிலிருந்த தடுப்பை 1910இல் கொசானல் சுவாமி இடித்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. தடுப்பு திரும்ப எழவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரித்த சுவர் பற்றி நீங்கள் செய்தித்தாளிலேயே படித்திருப்பீர்கள். இந்த எல்லா ஊர்களிலும் கிருபையால் ரட்சிப்பு என்ற போதனைக்குக் குறைவே இருந்ததில்லை.

மாட்டுங்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இந்து காலனி இருக்கிறது. அங்கே ராஜகிருகத்தில் குடியிருந்தவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1938 ஜனவரியில் சோலாப்பூரில் கிறிஸ்தவர்கள் முன்னால் பேசிய அம்பேத்கர், தம்மை ஈர்த்தவர்கள் என்று புத்தரையும் கிறிஸ்துவையும் சொன்னார். அதே பேச்சில், தென்னிந்தியக் கிறிஸ்தவர்கள் கோயிலுக்குள்ளேயே சாதி பார்க்கிறார்கள் என்றும் சொன்னார். அவர் கேட்டது இயேசுவா பவுலா என்ற கேள்வியே அல்ல. உங்கள் பந்தியில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்டார்.

நம் நெல்லைச் சபைகளுக்கு அசனம் என்ற பெரிய கொடை உண்டு. வருடத்தில் ஒருநாள் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். மும்பைக்கு வந்தும் அதை விடவில்லை. இங்கே ஊரும் சாதியும் கலந்துதான் உட்காருகிறோம், அதற்காக நான் தேவனைத் துதிக்கிறேன். ஆனால் பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் என்ன கேட்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். அந்தியோகியா முடிந்துபோன கதை அல்ல.

இன்னொரு பந்தியும் நம் கண்முன் பிரிந்துகொண்டிருக்கிறது. தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1க்கு முன்பு தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத் தாராவியிலேயே இலவசமாக 350 சதுர அடி. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்மாடியில் இருப்பவர்களுக்கும் வேறிடம், வேறு நிபந்தனை. ஒரே சபையில், ஒரே பெஞ்சில், தகுதி உள்ளவரும் இல்லாதவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மத்தேயு 20ஐ இப்போது வாசியுங்கள். விடியற்காலை நாக்காவில் நின்று வேலைக்குப் போனவனுக்கும், யாரும் கூப்பிடாமல் சாயங்காலம் ஐந்து மணிவரை நின்றவனுக்கும் தோட்டத்து எஜமான் ஒரே கூலி கொடுக்கிறார். முந்தி வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். முந்தி வந்தவன் என்ற உரிமையை வைத்து ஒருவரும் தேவனிடம் கணக்குப் பேச முடியாது என்று இயேசு இங்கே சொல்வதைத்தான் பவுல் கிருபை என்றார். உவமை ஒரு பக்கம், உபதேசம் மறுபக்கம் என்று உங்களால் இங்கே பிரித்துக்காட்ட முடியுமா?

அரசாங்கத்தின் தேதியைச் சபை மாற்றிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தகுதிச் சீட்டு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களோடு சேர்ந்து மனு எழுதலாம், அலுவலகத்துக்குக் கூடவே போகலாம், வெளியே அனுப்பப்படுகிறவர்களைச் சபைப் பதிவேட்டிலிருந்து எடுக்காமல் வைத்திருக்கலாம்.

உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். நம் சபைகளில் திருவிருந்து ஞாயிறு காலையில்தான். வீட்டுவேலைக்குப் போகும் அக்காமார், நைட் ஷிப்ட் வாட்ச்மேன்கள், ஞாயிறும் ஓடும் பட்டறைகளின் பையன்கள் அந்த நேரத்துக்கு வர முடிவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது இரவு எட்டரை மணிக்குத் திருவிருந்தும், அதற்கு முன்னோ பின்னோ எல்லாருமாக ஒரு சாப்பாடும் வேண்டுமென்று போதகர் ஐயாவிடமும் கமிட்டியிடமும் எழுத்தில் கேளுங்கள். இயேசு போதும் என்கிற தரப்பும் விசுவாசம் போதும் என்கிற தரப்பும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். கமிட்டியில் யாராவது இதற்கு வேத ஆதாரம் எங்கே என்று கேட்டால், 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரம் 33ஆம் வசனத்தைக் காட்டுங்கள். சமையலுக்குப் பாத்திரம் வேண்டியிருந்தால் எங்கள் வீட்டில் இரண்டு அண்டா இருக்கிறது. முந்தின நாளே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
தாராவியிலிருந்து உங்கள் மூத்த சகோதரன்